வேலை போனபின் மெடிக்கேர்: கெடு முடியும் முன் எடுக்கவேண்டிய முடிவு

1990களின் பிற்பகுதியில் கணினித் துறை வேலைக்காக அமெரிக்கா சென்ற நம் சகோதரர்களில் பலர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். 65 வயது ஆன பின்னரும் வேலையில் தொடர்பவர்கள் உண்டு. அதற்குச் சம்பளம் ஒரு காரணம் என்றால், நிறுவனம் தரும் மருத்துவக் காப்பீடு இன்னொரு காரணம். அண்மைக் காலத்தில் தொழில்நுட்ப நிறுவனங்களும் அரசுத் துறைகளும் தொடர்ந்து ஆட்குறைப்பு செய்துவருகின்றன. அதில் சிக்கும் ஒருவருக்குச் சம்பளமும் காப்பீடும் ஒன்றாகவே நின்றுபோகின்றன.

65 வயதைக் கடந்தவர்களுக்கு அந்நாட்டு அரசின் மெடிக்கேர் திட்டம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட திட்டம் அது. ஆனால் வேலை போனதும் அது தானாக வந்து நம்மைத் தாங்குவதில்லை. குறிப்பிட்ட நாட்களுக்குள் நாமே விண்ணப்பிக்க வேண்டும்; எந்த வகை மெடிக்கேர் என்பதையும் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கெடு தவறினால் ஆயுள் முழுதும் அபராதம். வகையைத் தவறாகத் தேர்ந்தால், பின்னர் நினைத்தாலும் மாற முடியாத நிலை. அங்கே இருக்கும் குடும்பங்களும், அங்கே பிள்ளைகளோடு பெற்றோரை வைத்திருக்கும் குடும்பங்களும் இதை அறிந்துகொள்வது அவசியம்.

மெடிக்கேரின் இரண்டு பாதைகள்

முதல் பாதை, அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிக்கேர். இதில் பகுதி ஏ மருத்துவமனைச் செலவுக்கும், பகுதி பி மருத்துவர், பரிசோதனை போன்றவற்றுக்கும் உரியவை. கணவனோ மனைவியோ பத்தாண்டுகள் வரி செலுத்தி வேலை பார்த்திருந்தால் பகுதி ஏ-க்குப் பிரீமியம் கிடையாது. பகுதி பி-க்கு 2026இல் மாதம் 202.90 டாலர். மெடிக்கேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும், நாட்டின் எந்த மாநிலத்திலும் போகலாம். குறை என்னவென்றால், பகுதி பி செலவில் பொதுவாக 20 சதவீதம் நம்முடையது. அதற்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை. புற்றுநோய் சிகிச்சை போன்ற பெரிய செலவில் இந்த 20 சதவீதமே ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும். இந்த இடைவெளியை நிரப்பத் தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்பீட்டுக்கு மெடிகேப் என்று பெயர். மருந்துக்குப் பகுதி டி தனி.

இரண்டாவது பாதை, மெடிக்கேர் அட்வான்டேஜ். இது அரசுப் பணத்தில் தனியார் நிறுவனங்கள் நடத்துவது. பகுதி பி பிரீமியத்தைக் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் பிரீமியமே இல்லாத திட்டங்கள் நிறைய உண்டு. பல், கண், மருந்து எல்லாம் சேர்ந்தே வரும். ஆண்டுச் செலவுக்கு உச்சவரம்பும் உண்டு. 2026இல் திட்டத்தின் மருத்துவர் வட்டத்துக்குள் அது 9,250 டாலரைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே சிகிச்சை பெறவேண்டிய நிலை வரும். பல சிகிச்சைகளுக்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். இன்று மெடிக்கேரில் இருப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த வகையில்தான் இருக்கிறார்கள்.

மூன்று கெடுக்கள்

வேலை நின்ற பின் மூன்று கெடுக்களைக் கவனிக்க வேண்டும். மூன்றும் ஒரே நாளில் முடிவதில்லை, குழப்பமே அங்கேதான்.

முதலாவது, 8 மாதம். வேலையோ அதன் காப்பீடோ, எது முதலில் முடிகிறதோ, அதற்கு அடுத்த மாதத்திலிருந்து 8 மாதத்துக்குள் பகுதி பி-யில் சேர்ந்தால் அபராதம் இல்லை. கணவரின் நிறுவனக் காப்பீட்டில் இருந்த 65 வயது கடந்த மனைவிக்கும் இதே சலுகை உண்டு.

இரண்டாவது, 2 மாதம். அட்வான்டேஜ் திட்டத்திலோ பகுதி டி மருந்துத் திட்டத்திலோ சேர, நிறுவனக் காப்பீடு முடிந்த மாதத்துக்குப் பின் முழுதாக 2 மாதம்தான் அவகாசம். தகுதியான மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் ஆகிவிட்டால், விடுபட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதம் என்ற கணக்கில் பகுதி டி பிரீமியத்தோடு அபராதம் சேரும்.

மூன்றாவது, 6 மாதம். 65 வயது ஆனவருக்குப் பகுதி பி தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதம் வரை, எந்த நோய் இருந்தாலும் மெடிகேப் தர நிறுவனம் மறுக்க முடியாது. நோயைக் காட்டி விலையை உயர்த்தவும் முடியாது. வாழ்நாளில் பொதுவாக ஒருமுறை மட்டுமே கிடைக்கும் அவகாசம் இது. பகுதி பி-யில் முன்பே சேர்ந்து, நிறுவனக் காப்பீட்டைத் துணையாக வைத்திருந்தவருக்கு இந்த 6 மாதம் ஏற்கெனவே கழிந்திருக்கும். அந்தத் துணைக் காப்பீடு நின்றால், 63 நாட்களுக்குள் குறிப்பிட்ட சில மெடிகேப் திட்டங்களை மறுப்பின்றிப் பெற அவருக்கு உரிமை உண்டு.

கோப்ரா தரும் பொய்யான நிம்மதி

வேலை போனவர் தன் செலவில் அதே காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை நீட்டித்துக்கொள்ள உதவுவது கோப்ரா என்ற சட்டம். "காப்பீடுதான் இருக்கிறதே, மெடிக்கேரை அப்புறம் பார்ப்போம்" என்று பலரும் நினைப்பது இதனால்தான். ஆனால் கோப்ராவில் இருக்கும் காலம் வேலையில் இருக்கும் காலமாகக் கணக்கில் வராது. 8 மாதக் கெடு அதற்காக நிற்பதில்லை.

ஓர் உதாரணம். 66 வயதான ஒருவருக்கு 2024 மார்ச் இறுதியில் வேலை போகிறது. 18 மாதம் கோப்ரா எடுக்கிறார். 2025 செப்டம்பரில் அது முடிகிறது. அப்போதுதான் பகுதி பி-க்கு விண்ணப்பிக்கப் போகிறார். அவருடைய 8 மாதம் 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. இனி 2026 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். ஜனவரியில் பதிந்தால் பிப்ரவரியில்தான் தொடங்கும். நடுவில் நான்கு மாதம் பகுதி பி இல்லை. அதோடு, தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியம். இவருக்கு 10 சதவீதம், அதாவது மாதம் சுமார் 20 டாலர், ஆயுள் முழுதும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மெடிக்கேருக்குத் தகுதி பெற்றவர் விஷயத்தில் கோப்ரா இரண்டாவதாகவே பணம் தரும். முதலாவதாகத் தரவேண்டிய மெடிக்கேரில் அவர் சேராததால், பெரும்பகுதிச் செலவை அவர் தலையிலேயே அது போட்டுவிடலாம்.

65 ஆகாத மனைவிக்கு மெடிக்கேர் கிடைக்காது என்பதால், அவருக்குக் கோப்ரா பயன்படலாம். கணவருக்கு மெடிக்கேர், மனைவிக்குக் கோப்ரா அல்லது அரசுச் சந்தைக் காப்பீடு என்று பிரித்து யோசிப்பதே சரி.

20 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் இருப்போர் வேலை போகும்வரை காத்திருக்கவே கூடாது. அங்கே 65 வயதிலேயே மெடிக்கேர்தான் முதலில் பணம் தரவேண்டிய காப்பீடு ஆகிவிடுகிறது.

போவது எளிது, திரும்புவது கடினம்

வேலை இழந்து வருமானம் நின்ற நேரத்தில் கூடுதல் பிரீமியம் இல்லாத அட்வான்டேஜ் மனதை ஈர்ப்பது இயல்பு. வருமானம் குறைவு, நம்பும் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் வட்டத்தில் இருக்கிறது, வெளியூர்ப் பயணம் அதிகம் இல்லை என்றால் அது நல்ல தேர்வாகவும் அமையும்.

சிக்கல் பின்னால் வருகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலும், அட்வான்டேஜில் இருப்பவருக்கு ஜனவரி முதல் மார்ச் வரையிலும், ஒரிஜினல் மெடிக்கேருக்கு மாறச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் மெடிகேப் வாங்கும் 6 மாதம் அதற்குள் போயிருக்கும். இதய நோயோ புற்றுநோயோ வந்தபின் விண்ணப்பித்தால், பெரும்பாலான மாநிலங்களில் நிறுவனம் மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் ஆகிய நான்கு மாநிலங்களில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. மற்ற இடங்களில், மாறும் உரிமை காகிதத்தில் இருக்கும். 20 சதவீதச் சுமையைத் தாங்க ஆளிருக்காது.

65 வயதில் முதன்முதலில் தகுதி பெற்றதுமே அட்வான்டேஜில் சேர்ந்தவர், 12 மாதத்துக்குள் திரும்பினால் மெடிகேப் பெறும் உரிமை உண்டு. வேலை காரணமாக 67, 68 வயதில் வருபவர் இந்தச் சலுகை தனக்கும் உண்டு என்று நம்பி இறங்கிவிடக் கூடாது.

நம்மவர்களுக்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. ஓய்வுபெற்றதும் ஊரில் சில மாதம் தங்குவோம், உம்ராவுக்குப் போவோம். ஒரிஜினல் மெடிக்கேர் பெரும்பாலும் அமெரிக்காவுக்கு வெளியே செல்லாது. மெடிகேப்பில் ஜி, என் போன்ற திட்டங்கள், பயணத்தின் முதல் 60 நாட்களில் நேரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் நாம் கட்டியபின் 80 சதவீதம் தருகின்றன. ஆயுள் உச்சவரம்பு 50,000 டாலர். அட்வான்டேஜில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து தன் பகுதியில் இல்லாவிட்டால், பொதுவாகத் திட்டத்திலிருந்தே நீக்கப்படுவார். வாப்பாவையும் உம்மாவையும் ஊருக்கு அனுப்பிவைக்கும் பிள்ளைகள் இதை முன்பே கேட்டறிய வேண்டும்.

மார்க்க ரீதியான கேள்வி

தனியார் வணிகக் காப்பீடு கூடாது, பரஸ்பர உதவி அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்று 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவெடுத்தது. மெடிக்கேரின் ஏ, பி பகுதிகள் லாபத்துக்காக நடப்பவை அல்ல. ஏ பகுதிக்காக ஊழியர் சம்பளத்தில் 1.45 சதவீதமும் முதலாளியிடமிருந்து அதே அளவும் வரியாகப் பிடிக்கப்படுகின்றன. பி பகுதிச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்கிறது. எனவே குடிமக்களுக்கு அரசு செய்யும் சமூக ஏற்பாடாகவே இதைக் கருத இடமிருக்கிறது. மெடிகேப், அட்வான்டேஜ் விஷயத்தில் தேவையின் அளவையும் நிலைமையையும் வைத்துத் தங்கள் பகுதி ஆலிமிடம் விளக்கம் பெறுவது நல்லது. ஆனால் அந்தத் தயக்கத்தில் ஏ, பி பகுதிகளின் கெடுவையும் தவறவிட்டுவிட வேண்டாம்.

செய்யவேண்டியவை

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். இந்த விஷயத்திலும் எழுத்தே துணை. வேலை முடியும் முன்பே சிஎம்எஸ்-எல்564 படிவத்தில் நிறுவனத்தின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். பகுதி பி விண்ணப்பமான சிஎம்எஸ்-40பி உடன் அதைச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மருந்துக் காப்பீடு தகுதியானது என்ற கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். வருமானம் அதிகமாக இருந்ததால் கூடுதல் பிரீமியம் விதிக்கப்பட்டால், வேலை நின்றதைக் காட்டி எஸ்எஸ்ஏ-44 படிவத்தில் குறைக்கக் கேட்கலாம்.

முகவர்கள் சொல்வதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். அவர்களுக்குத் திட்டத்தை விற்றால் கமிஷன் உண்டு. எல்லா மாநிலங்களிலும் 'ஷிப்' என்ற பெயரில் இலவச ஆலோசனை சேவை இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. அமெரிக்கப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் அக்டோபர் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் அந்த ஆலோசகரை அழைத்து, பெண்களும் கேட்கும் வகையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பல வீடுகளின் முதுமைக்காலம் பாதுகாக்கப்படும்.

வேலை நின்ற வாரத்திலேயே இந்த மூன்று தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முயற்சி நம்முடையது, ஆரோக்கியமும் ரிஸ்கும் அல்லாஹ்வின் கையில். நம் பெரியவர்களுக்கு நல்ல ஆரோக்கியத்தையும், பிறர் கையை எதிர்பாராத முதுமையையும் அவன் தந்தருள்வானாக, ஆமீன்.