மயிலிறகுல லேசர் வருதாம், உண்மையா? கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க

பேராவூரணி பக்கத்துக் கிராமத்துல இருந்து அஞ்சு மாசக் குழந்தையைத் தூக்கிட்டு ஒரு பாட்டி வந்தாங்க (அடையாளம் தெரியாம இருக்க சிலதை மாத்தியிருக்கேன்). ரெண்டு நாளா வாந்தி. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது, நாக்கு வறண்டிருந்தது, காலையிலேர்ந்து ஒண்ணுக்குப் போகல. என்ன கொடுத்தீங்கன்னு கேட்டேன். மயிலிறகைச் சுட்டு, சாம்பலைத் தேன்ல குழைச்சு நாக்குல தடவியிருக்காங்க.

நான் வாயெடுக்குறதுக்குள்ள பாட்டி முந்திக்கிட்டாங்க. "மயிலிறகுல லேசர் இருக்குன்னு அமெரிக்காக்காரனே கண்டுபிடிச்சிட்டான் தம்பி. பேரன் போன்ல காட்டினான்."

சிரிக்காதீங்க. அந்தச் செய்தி பாதி உண்மை. அதான் பிரச்சனையே.

2025 ஜூலையில சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழ்ல அந்த ஆய்வு வந்தது. மயில் தோகையை ரோடமின் 6ஜி என்கிற சாயத்துல நனைச்சு, காய வச்சு, திரும்பத் திரும்ப நனைச்சாங்க. பிறகு வெளியிலிருந்து பச்சை லேசரைத் துடிப்பு துடிப்பா அடிச்சாங்க. தோகைக் கண்ணுலேர்ந்து 574, 583 நானோமீட்டர்ல மஞ்சள் பக்கமா ரெண்டு லேசர் ஒளி வந்தது. ஒளியை உமிழ்ந்தது சாயம். அதைத் திருப்பித் திருப்பி அனுப்பிப் பெருக்க இடம் கொடுத்தது இறகு. நம்ம தென்னந்தோப்புல திரியிற மயில் எதுவும் லேசர் விடாது.

அந்தச் சாயம் யாருன்னு தெரியுமா? 2024 பிப்ரவரியில பஞ்சுமிட்டாய்ல பிடிபட்டு, தமிழ்நாட்டுல தடை போட வச்ச ரோடமின் பி-யோட பங்காளி. வாயில வைக்கிற சமாச்சாரமே இல்ல.

சரி, இறகுல என்னதான் இருக்கு? நீலச் சாயமோ பச்சைச் சாயமோ கிடையாது. இருக்கிற நிறமி மெலனின், நம்ம தலைமுடியைக் கறுப்பாக்குற அதே மெலனின். திருந்திய நெல் சாகுபடிக்கு மார்க்கர் உருட்டிச் சதுரம் சதுரமா நடுவோமே, அந்த மாதிரி மெலனின் குச்சிகள் வரிசை கட்டி நிக்குது. குச்சிக்குக் குச்சி சுமார் 150 நானோமீட்டர், ஒரு தலைமுடி அகலத்துல ஐந்நூறு குச்சி நடலாம். இந்த இடைவெளி துளி மாறினா நீலம் பச்சையாகும், பச்சை பழுப்பாகும். இதுக்குப் பேர்தான் ஒளிப்படிகம். சிதறுற வேண்டாத ஒளியை மெலனின் குடிச்சிடுறதால நிறம் பளிச்சுனு தெரியுது. இறகை நனைச்சா அந்த நிறம் போயிடுதுன்னு ராபர்ட் ஹூக் 1665-லேயே எழுதி வச்சிருக்கார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு உண்டு. தோகைக் கண்ணுல எந்த நிறப் பகுதியைச் சோதிச்சாலும் அதே ரெண்டு அலைநீளம்தான் வந்தது. அப்படின்னா நிறத்தைக் கொடுக்கிற அந்த வரிசை லேசருக்குக் காரணமா இருக்க முடியாது. இறகுக்குள்ள வேற ஏதோ குட்டிக் குட்டி அமைப்பு ஒளியைப் பிடிச்சு வைக்குதுன்னு ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. வாட்ஸ்அப் வீடியோ இதைச் சொல்லாது.

எல்லாமே அமைப்புல இருக்கு. தீயில போட்டா முதல்ல போறதும் அந்த அமைப்புதான். மிஞ்சுறது சாம்பல், அதுல நீலமும் இல்ல, பச்சையும் இல்ல. சித்த மருத்துவத்துல மயிலிறகுல செய்யிற மருந்து உண்டு, அதைப் படிச்ச சித்த மருத்துவர் பேசட்டும். அடுப்புல சுட்டதுக்கு லேசரைச் சாட்சிக்குக் கூப்பிடுறதுதான் எனக்கு எரிச்சல். பெருமைதான் வேணும்னா திருச்சியில பிறந்த சி.வி.ராமன் இருக்கார். 1934-ல பனங்காடை இறகை எடுத்து வச்சு, இந்த நீலம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டவர்.

சாம்பலை விட எனக்குப் பயம் தேன்தான். ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். அதுல பாட்டுலிசம் கிருமியோட வித்துகள் இருக்கலாம், குழந்தையோட தசையெல்லாம் தளர்ந்து மூச்சு வரைக்கும் பாதிக்கும். வாந்தின்னா தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமா ஸ்பூன்ல கொடுங்க. ஒண்ணுக்குக் குறைஞ்சாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, பிள்ளை துவண்டாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் வாங்க.

மூணாம் நாள் குழந்தை நல்லா பால் குடிச்சிட்டு வீட்டுக்குப் போச்சு. போகும்போது பாட்டி, "மிச்சம் மூணு இறகு இருக்கே தம்பி, என்ன பண்ண?"ன்னாங்க. பேரனோட கணக்கு நோட்டுக்குள்ள வைங்க, குட்டி போடுதான்னு பாப்போம்னேன்.