மண்வெட்டிக் காம்பும் லாப்டாப் மூளையும்

மண்வெட்டிக் காம்பு ஒடிந்தால் காம்பை மாற்றுகிறோம். பம்புசெட் மோட்டாரில் காயில் எரிந்தால் சுற்றிப் போடுகிறோம். மில்லில் பேரிங் தேய்ந்தால் பேரிங்கை மாற்றி, அதே யந்திரத்தை ஓட்டுகிறோம். யந்திரத்தையே தூக்கி எறி என்று யாராவது சொன்னால் சிரிப்போம்.

லாப்டாப் விஷயத்தில் மட்டும் அப்படித்தான் சொல்கிறார்கள். நாமும் தலையாட்டிவிட்டுக் கடன் வாங்கப் போகிறோம்!

கோடியக்கரையில் உப்பளக் கூலியில் பிழைக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான். பாலமும் கட்டடமும் வரையச் சாதாரண லாப்டாப் திணறுகிறது. ஆகவே 'கேமிங் லாப்டாப்' என்று விற்கும் பலமான யந்திரத்தைத் தவணையில் வாங்குகிறார்கள். ஓய்வு நேரத்தில் அவன் அதில் விளையாடவும் செய்வான். விளையாடட்டும்! பணக்காரன் பிள்ளைக்கு மட்டும்தானா விளையாட்டு? சில வருஷத்தில் அது மந்தமாகிறது. 'புதிது வாங்கு' என்கிறான் கடைக்காரன்.

வாங்கத்தான் வேண்டுமா?

பிராசஸர் என்பது கதிரடிக்கும் ஆள். ராம் என்பது களம். களம் குறுகினால் ஆள் கைகட்டி நிற்க வேண்டியதுதான். பல சமயம் மந்தத்திற்குக் காரணம் களம் போதாமையே. கேமிங் லாப்டாப் பலவற்றில் ராம் பலகை செருக இரண்டு இடம் உண்டு. 8 ஜிபி பலகை ஒன்று மட்டும் இருந்தால், அதே வகையில் இன்னொன்றைச் செருகலாம். களமும் இரட்டிப்பாகும், தகவல் போகும் பாதையும் இரண்டாகும். ஆனால் டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது. வகை பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமையும் போர்டோடு பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கும் முன்பே இதைக் கேளுங்கள்.

பிராசஸர் கதை வேறு. 2013-ல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறை வரை, கழற்றி மாட்டக்கூடிய பிராசஸர் லாப்டாப்பில் இருந்தது. இன்று ஏறக்குறைய எல்லாமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்றாசுப் பொட்டுகளால் போர்டோடு ஒட்டியவை. 'பிராசஸரை மட்டும் மாற்றித் தருகிறேன்' என்பவரிடம் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்!

மெல்லியதாகச் செய்யவே ஒட்டுகிறோம் என்கிறார்கள் முதலாளிகள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஆள் தளர்ந்தால் வீட்டையே விற்கச் சொல்லும் இந்த ஏற்பாட்டில் லாபம் யாருக்கு?

ராமின் கதியும் அதுதான். உலகின் ராம் சில்லுகளில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகளின் கையில். செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கு விற்றால் லாபம் அதிகம் என்றதும், 2025 கடைசியில் சாதாரண ராம் விலை கிடுகிடுவென ஏறியது. 'குருஷியல்' என்ற பெயரில் ஜனங்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. ஏகபோகம் என்றால் இதுதான்.

சர்க்கார் என்ன செய்தது? மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகக் கமிட்டி அமைத்தது. விவசாய யந்திரங்களும் அதன் பட்டியலில் உண்டு. அந்த டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். இணையதளம் சட்டமாகாது. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணம் அதே டிசம்பரில், மின்னணுப் பொருள்களுக்குச் சட்டமே செய்தது.

நமது கோரிக்கை எளியது. எதைக் கழற்றலாம், எதைக் கழற்ற முடியாது என்று பெட்டியின் மேல் தமிழில் அச்சிடு! உதிரிபாகமும் பழுதுபார்க்கும் குறிப்பும் ஊர் மெக்கானிக்குக்கும் கொடு! 2011-ல் மாணவர்களுக்கு லாப்டாப் திட்டம் தொடங்கி, லட்சக்கணக்கில் வாங்கிய தமிழக சர்க்கார், டெண்டரில் இந்த நிபந்தனையை எழுதினால் எந்தக் கம்பெனி மறுக்கும்?

1930-ல் வேதாரண்யத்தில் காலடியில் கிடந்த உப்பை அள்ளுவது குற்றம் என்றது அன்றைய சட்டம். ஜனங்கள் அள்ளினார்கள். நம் காசில் வாங்கிய யந்திரத்தைத் திறக்கும் உரிமையையும் கேட்டுத்தான் பெறவேண்டும். கேட்போம்!