தலை வலிக்காத தலைப்பட்டி



மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கொழும்புப் பக்கத்துப் புழுக்கத்தைச் சொல்லி முடியாது. ஏப்ரல் முதற் பாதியில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். கிழக்கில் இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகுதான் சோதனை. மலைநாட்டைக் கடந்து இறங்கி வரும் கச்சான் காற்று, அடுப்பைத் திறந்தாற்போல் முகத்தில் அடிக்கும். இந்த நாட்களில் பர்தாவுக்கு உள்ளே நெற்றியைச் சுற்றி என்ன அணிகிறோம் என்பது சின்ன விடயமல்ல. எனக்கு அது என் மகளால்தான் விளங்கியது.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போது அவளுக்குப் பாடசாலை விட்டு வந்ததும் தலைவலி. நாளும் பொழுதும் இதே கதை. பசியாக இருக்கும் என்று முதலில் நினைத்தோம். பிறகு கண் பழுதோ என்று பயந்து கண் வைத்தியரிடமும் காட்டினோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து, குளித்து, சற்றே சாய்ந்தால் அஸருக்கு முன்பே வலி போய்விடும். ஒருநாள் அவள் பர்தாவைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றேன். நெற்றியின் ஒரு கன்னப்பொறியிலிருந்து மறு கன்னப்பொறி வரை, கயிற்றால் கட்டியது போல ஒரு சிவந்த கோடு! கடையில் வாங்கிய நைலோன் உட்தொப்பியின் இலாஸ்டிக் செய்த வேலை அது. பர்தா வழுக்காமல் இருக்க வேண்டும் என்று நான்தான் ஒரு அளவு சிறியதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்திருந்தேன்.

இறுக்கமான தொப்பி, தலைக்கவசம், பட்டி போன்றவை தலையை அழுத்துவதால் வரும் தலைவலி வைத்தியர்கள் நன்கு அறிந்த ஒன்று. அழுத்துவதைக் கழற்றினால் ஒரு மணித்தியாலத்துக்குள் அது தணிந்துவிடும். அப்படித் தணியாத தலைவலிக்குப் பட்டியைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். முன் நெற்றி மயிர் வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டே இருந்தால் அந்த ஓரத்தில் முடி உதிர்ந்து, நெற்றி மேலேறிப் போகும். வயதானதால் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இந்த இழுப்பினால் வருவது.

சரி, நானே பின்னிக் கொடுக்கிறேன் என்று குரோஷே ஊசியை எடுத்தேன். எங்கள் உம்மும்மா வாப்பாமாருக்கெல்லாம் தொழுகைத் தொப்பி பின்னிக் கொடுத்த கை. அவரிடம் பழகியவள் என்ற பெருமை எனக்கு. அந்தப் பெருமையோடு முதலில் பின்னிய பட்டி முழுத் தோல்வி!

குழந்தைச் சட்டை பின்ன வாங்கிய நூலில் ஒரு கண்டு மீதி இருந்தது. பூப்போல மெதுமை. பின்னிய பட்டியும் அழகாகத்தான் வந்தது. ஆனால் அது அக்ரிலிக் நூல். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது, சூட்டையும் வெளியே விடாது. உம்மா ஆசையாகப் பின்னியதாயிற்றே என்று பிள்ளை ஒரு கிழமை வாய் திறக்காமல் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். நெற்றி முழுதும் வேர்க்குரு கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தலைவலிக்குப் பதில் சொறிச்சலைக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவதைப் பருத்தி நூலில், இலாஸ்டிக் எதுவும் இல்லாமல் வளையமாகப் பின்னினேன். காலையில் கச்சிதமாக இருந்தது. பகல் இடைவேளைக்குள் தொளதொளத்து, பர்தாவோடு பின்னால் சரிந்துவிட்டது. பருத்திக்கு இழுபடத் தெரியும், திரும்பச் சுருங்கத் தெரியாது. இந்த இரண்டு பிழையையும் செய்த பின் வந்த மூன்றாவது பட்டியைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லித் தரப்போகிறேன்.

முதலில் நூல். நூறு வீதம் பருத்தி என்று சுற்றுத் தாளில் போட்டிருக்க வேண்டும். நான்கு இழை நூல் போதும். அதைவிடத் தடித்தால் பர்தாவுக்குள் பொம்மிக்கொண்டு நிற்கும். மினுமினுப்பான நூலும் உண்டு, மினுக்கமில்லாத நூலும் உண்டு. மேசைவிரிப்புக்கு மினுக்கம் எடுப்பாக இருக்கும். தலைப்பட்டிக்கு மினுக்கமில்லாததை எடுங்கள். அது மெதுவானது, பர்தாவையும் பிடித்துக்கொள்ளும். லேஸ் பின்னும் மெல்லிய நூற்பந்துகளில் இலக்கம் கூடக் கூட நூல் மெலியும் என்பது தெரியும்தானே? இருபதாம் இலக்கத்தில் இதைப் பின்ன வெளிக்கிட்டால் பெருநாளும் வந்து போய்விடும். 50 கிராம் கண்டு ஒன்றில் இரண்டு பட்டிகள் தாராளமாக வரும்.

கடும் சிவப்பு, கறுப்பு, கடும் நீலம் வாங்கினால் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் அது வியர்வையிலும் இறங்கும். பாடசாலை வெள்ளைப் பர்தாவுக்கு உள்ளே வெள்ளை, அல்லது தோல் நிறத்துக்குக் கிட்டிய நிறம்தான் வெளியே தெரியாது.

ஊசி 3 மில்லிமீற்றர். வேறென்ன வேண்டும்? 2 சென்ரிமீற்றர் அகலத்தில் மெதுவான இலாஸ்டிக் 9 சென்ரிமீற்றர், பழைய சாரனில் அல்லது படுக்கை விரிப்பில் வெட்டிய ஒரு துண்டுத் துணி, தையல் ஊசி, அளவு நாடா. அவ்வளவுதான்.

பின்னத் தொடங்குமுன் ஒரு விடயம். இக்காலப் பிள்ளைகள் காணொளி பார்த்துப் பழகுகிறார்கள், நாமோ பழைய புத்தகங்களைப் பார்த்துப் பழகியவர்கள். இரண்டும் ஒரே பெயரைச் சொல்லி வேறு வேறு பின்னலைக் காட்டும். பிரித்தானியப் புத்தகம் ‘டபிள் குரோஷே’ என்று சொல்வதை அமெரிக்கர் ‘சிங்கிள் குரோஷே’ என்பார்கள். பிரித்தானியரின் ‘ட்ரெபிள்’தான் அமெரிக்கரின் ‘டபிள்’. தாயும் மகளும் ஒரு பாயில் இருந்து பின்னி, தாயின் துண்டு ஒரு சாணும் மகளின் துண்டு இரண்டு சாணுமாக வருவது இதனால்தான். ஆகவே நான் அந்தப் பெயர்களை விட்டு, குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல் என்றே சொல்கிறேன்.

குட்டைப் பின்னல்: ஊசியை நுழைத்து நூலை இழுத்தெடுங்கள். ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைக் கொழுவி இரண்டுக்குள்ளாலும் ஒரே இழுப்பில் எடுத்து விடுங்கள். நெட்டைப் பின்னல்: முதலில் ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு பிறகு நுழைத்து இழுங்கள். மூன்று கண்ணிகள் வரும். நூலைக் கொழுவி இரண்டுக்குள்ளால் எடுத்து, மறுபடி கொழுவி மீதி இரண்டுக்குள்ளால் எடுங்கள்.

இனிப் பட்டி. 18 சங்கிலி போடுங்கள். சங்கிலி இறுகிவிடும் கையென்றால் இதற்கு மட்டும் 3.5 மில்லிமீற்றர் ஊசியைப் பிடியுங்கள். ஊசியிலிருந்து எண்ணி நான்காவது சங்கிலியில் ஒரு குட்டைப் பின்னல். பிறகு ஒரு சங்கிலி போட்டு, கீழே ஒன்றைத் தாண்டி, அடுத்ததில் ஒரு குட்டைப் பின்னல். இப்படியே கடைசிச் சங்கிலி வரை போனால் மொத்தம் எட்டுக் குட்டைப் பின்னல்கள் இருக்கும். இது முதல் வரிசை.

இரண்டு சங்கிலி போட்டுத் திருப்புங்கள். இனிமேல் பின்னலின் தலையில் குத்த வேண்டாம். இரண்டு பின்னல்களுக்கு நடுவில் உள்ள சங்கிலியின் கீழே, அந்த இடைவெளியில் ஊசியை விட்டுக் குட்டைப் பின்னல் போடுங்கள். ஒரு சங்கிலி, அடுத்த இடைவெளியில் குட்டைப் பின்னல் என்று போய், கடைசிப் பின்னலை ஓரத்தில் திருப்பும்போது விட்ட சங்கிலியின் இடைவெளியில் போட்டு முடியுங்கள். மறுபடியும் எட்டு. ஒவ்வொரு வரிசையும் எட்டுத்தான். ஏழாகிவிட்டால் அந்த ஓர இடைவெளியைத்தான் மறந்திருப்பீர்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதை மறப்பார்கள்.

நான்கைந்து வரிசை போனதும் தடவிப் பாருங்கள், விரலுக்கு ரவை போல நெறுநெறு என்றிருக்கும். பட்டியின் உயிரே இந்த நெறுநெறுப்புத்தான். மேடு பள்ளமாக இருப்பதால் நெற்றியில் முழுதாக ஒட்டாது. சின்னச் சின்னத் துளைகளால் காற்றுப் போய்வரும். ஜோர்ஜெட் போன்ற வழுக்கும் துணியும் அதன் மேல் பிடிபட்டு நிற்கும். நைலோன் தொப்பி மொழுமொழு என்றிருப்பதால்தான் அதை இறுக்க வேண்டியிருந்தது. சொரசொரப்பு இருந்தால் இறுக்கம் தேவையில்லை. ஆசைப்பட்டு முத்து முத்தாகப் புடைக்கும் பின்னல்களைப் போடாதீர்கள். பர்தாவுக்கு மேல் கட்டி கட்டியாகத் தெரியும், குண்டூசி குத்தும் இடத்தில் தலையையும் அழுத்தும்.

ஐந்து வரிசை இப்படிப் பின்னி, ஆறாவதைக் காற்று வரிசையாக விடுங்கள். மூன்று சங்கிலி போட்டுத் திருப்பி, முன்பு குட்டைப் பின்னல் போட்ட அதே இடைவெளிகளில் நெட்டைப் பின்னல், நடுவே ஒவ்வொரு சங்கிலி. எட்டு நெட்டைப் பின்னல் வரும். பிறகு இரண்டு சங்கிலியோடு திருப்பி மீண்டும் ஐந்து குட்டை வரிசை. என் கைக்குப் பட்டி ஏழு சென்ரிமீற்றர் அகலம் வருகிறது. உங்களுக்கு அகலம் கூடினால் இரண்டு சங்கிலி குறைத்துத் தொடங்குங்கள், குறைந்தால் இரண்டு கூட்டுங்கள். எப்போதும் இரட்டை எண்ணாகவே இருக்கட்டும்.

எவ்வளவு நீளம்? முதலில் ஒரு சிறு துண்டு பின்னி, கழுவிக் காயவைத்து, அது எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டி இருக்கும் இடத்தில், அதாவது நெற்றி மயிரோரம் தொடங்கிக் காதுக்குப் பின்னால் பிடரி வரை தலையைச் சுற்றி அளவுங்கள். என் மகளுக்கு 54 சென்ரிமீற்றர். பட்டியும் இலாஸ்டிக்கும் சேர்ந்து அதைவிட 5 சென்ரிமீற்றர் மட்டும் குறைய வேண்டும். இலாஸ்டிக்கின் இரு நுனியும் தையலுக்குள் போனபின் 7 நிற்கும். ஆகவே பின்னலுக்கு 42. அடுத்த பிள்ளைக்கு 52 என்றால் பின்னல் 40. நீளம் சரியாகும் இடத்தில் குட்டை வரிசையோடு முடியுங்கள். காற்று வரிசையில் முடித்தால் ஓரம் இளகும்.

நூல் நுனிகளை முடிச்சுப் போடாதீர்கள்! குண்டூசித் தலையளவு முடிச்சுக்கூட ஆறு மணித்தியாலம் தலையில் அழுத்திக்கொண்டிருந்தால் கல்லாகிவிடும். தையல் ஊசியில் கோத்து, ஒரு திசையில் நாலு விரற்கடை ஓடவிட்டு, திரும்பவும் மறு திசையில் ஓடவிட்டு வெட்டுங்கள்.

பழந்துணியில் 15 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, குழலாகத் தைத்துப் புரட்டி, அதற்குள் இலாஸ்டிக்கைச் செலுத்துங்கள். துணி சுருங்கி நிற்கும், அது சரி. இரு நுனியையும் தைத்துக்கொள்ளுங்கள். பட்டியின் நுனியைச் சாரி மடிப்புப் போல மூன்றாக மடித்து, துணிக்குழலின் நுனியை அதற்குள் வைத்து அழுத்தித் தையுங்கள். மறுபக்கமும் அப்படியே. இந்த மடிப்புக் காதுக்குப் பின்னால்தான் வர வேண்டும். காதின் மேல் வந்தால் பின்னல் நீளம் போதவில்லை என்று அர்த்தம், பிரித்து இரண்டு வரிசை கூட்டுங்கள். சோம்பிவிடாதீர்கள். மேற்காதில் அது உரசும் உரசல், மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பொறுக்கவே முடியாது.

போட்டுப் பார்க்கும்போது கன்னப்பொறியில் இரண்டு விரல் தடையின்றி உள்ளே போக வேண்டும். பத்து நிமிடம் போட்டிருந்து கழற்றுங்கள். நெற்றியில் கோடு விழுந்திருந்தால் இலாஸ்டிக்கை மாற்றி, ஒரு சென்ரிமீற்றர் நீளமாக வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு “வலிக்குதா மகள்?” என்று கேட்டுப் பயனில்லை. வலிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். கோட்டைப் பாருங்கள்.

ஆளுக்கு மூன்றாவது இருந்தால் நல்லது. ஒன்று தலையில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். வியர்த்த பட்டியை மறுநாளும் போடக் கூடாது, ஈரத் தலையில் கட்டவும் கூடாது. மெதுவான சவர்க்காரத்தில் கையால் கசக்கி, முறுக்காமல் ஒரு துவாயில் வைத்து அமர்த்திப் பிழிந்துவிடுங்கள். அதன்பின் கொடியில் நீளத்துக்குத் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்திலேயே பட்டி நீண்டுவிடும். நடுவால் மடித்துப் போடுங்கள், அல்லது நிழலில் பாய்மேல் விரித்துவிடுங்கள்.

மகளின் தலைவலி அந்தக் கிழமையே நின்றது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் நால்வருக்கு இப்போது பட்டி வேண்டுமாம். நூலை எடுக்குமுன் நால்வரின் தலையளவையும் எழுதிக்கொண்டு வா என்று அளவு நாடாவை அவளுடைய புத்தகப் பைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறேன்.