மாநாட்டுக்கு வந்தவர் ஊருக்கு வரவில்லை

கோயம்புத்தூரில் கருத்தரங்கக் கட்டுரை வாசித்துவிட்டுத் திரும்பும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம், ஊர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சிறுவாணித் தண்ணீர் இனிப்பாக இருந்தது என்பார். மாலையில் சிலுசிலுவென்று காற்று வீசியது என்பார். மரியாதை தெரிந்த ஊர், எல்லோரையும் வாங்க போங்க என்கிறார்கள் என்பார். அன்னபூர்ணா சாம்பாரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். அதோடு முடிந்தது. மூன்று நாள் தங்கியவர் கொண்டுபோவது ஒரு தோள்பை, ஒரு சான்றிதழ், ஓர் ஆய்வுக்கோவை. அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் வந்து போனோம். ஆனால் இதைப் புலமையின் இயல்பு என்று இனியும் ஒப்புக்கொள்ள எங்களால் இயலவில்லை. மொழியை ஆராய்வதற்காக ஓர் ஊரில் கூடிவிட்டு, அந்த ஊரின் மொழி காதில் விழாமலே கலைந்து செல்வது சோம்பல். அந்தச் சோம்பலுக்கு நாம் நிகழ்ச்சிநிரல் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இப்போது சோம்பலுக்கு வசதியும் கூடிவிட்டது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையின் மேல் ஜி.டி. நாயுடு பெயரிலான மேம்பாலம் திறக்கப்பட்டது. கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர். விமான நிலையத்தில் இறங்குகிறவர் சற்று நேரத்தில் பாலமேறி, ஊரின் தலைக்கு மேலாகவே ஊருக்குள் வந்துவிடலாம். நெரிசலில் வெந்துகொண்டிருந்த கோவைக்காரர்களுக்கு அது வரம்தான். பாலத்தோடு எங்களுக்குப் பகையில்லை. கீழே கடந்து போவதைத்தான் சொல்ல வருகிறோம். ஹோப் காலேஜ் என்று ஒரு நிறுத்தம். அந்தப் பெயரில் அங்கே கல்லூரி கிடையாது. ஆங்கிலேய ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் 1945இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி வேறு பெயரோடு தடாகம் சாலைக்குப் போய்விட்டது. பெயரை மட்டும் பேருந்து நடத்துநர்கள் காப்பாற்றி வருகிறார்கள். அதைத் தாண்டினால் பீளமேடு. பிறகு லட்சுமி மில்ஸ். 1910இல் தோன்றிய அந்த ஆலையின் வளாகத்தில் 2023இல் லூலு பேரங்காடி திறந்தது. நூல் நூற்ற இடத்தில் இன்று தள்ளுவண்டி தள்ளுகிறார்கள். ஒரு நூற்றாண்டின் தொழில் வரலாறு இந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள் கிடக்கிறது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதன் மேலே நாம் பறக்கிறோம்.

இதைச் சொல்லும்போது 2010ஐத் தொடாமல் இருக்க முடியாது. அவ்வாண்டு ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு இங்கேதான் நடந்தது. அது உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மாநாடு அன்று. ஆயத்தத்துக்குக் காலம் போதாது என்று மன்றத்தின் தலைவர் நொபொரு கராஷிமா இசையவில்லை. எனவே புதுப்பெயரில் மாநில அரசே நடத்தியது. குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் தொடங்கிவைத்தார். சிந்துவெளி எழுத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த ஆஸ்கோ பர்ப்போலாவுக்கு விருது அளிக்கப்பட்டது. தகுதியானவருக்குத் தகுந்த விருது. 'இனியவை நாற்பது' என்ற பெயரில் நாற்பது அலங்கார ஊர்திகள் சென்றன. அன்றைய அரசியல் கணக்குகளைப் பலர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அது எங்கள் வேலையில்லை. எங்கள் வழக்கு வேறு. ஊர்தியில் சங்ககாலம் போயிற்று. சாலையோரம் நின்று பார்த்தவர்கள் பேசிய தமிழ் எந்த ஊர்தியிலும் ஏறவில்லை. யாராலும் இன்னும் ஐயமறப் படிக்க முடியாத எழுத்துக்குக் காட்டிய பொறுமையில் பத்தில் ஒரு பங்கை, பக்கத்தில் நின்று பேசுகிறவருக்குக் காட்டியிருக்கக் கூடாதா?

மாநாடு நடந்த கொடிசியா வளாகத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது சின்னியம்பாளையம். ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள் நால்வர், ராமையன், வெங்கடாசலன், சின்னையன், ரங்கண்ணன், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். சுதந்திரத்துக்கு இன்னும் பத்தொன்பது மாதங்கள் இருந்தன. நவீனத் தமிழிலக்கியத்தில் தொழிலாளர் வாழ்க்கை என்று எத்தனை கட்டுரைகள் ஆய்வரங்குகளில் வாசிக்கப்பட்டிருக்கும்! வாசித்தவர்கள் விமான நிலையத்துக்குத் திரும்பிய பிறகு, அதற்கு அடுத்த நிறுத்தம்வரை போகவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கோவைக் கல்லூரி ஒன்றில் நடந்த கருத்தரங்குக்கு நாங்கள் மூவர் சென்றிருந்தோம். இரண்டாம் நாள் பிற்பகலில் 'நகர் உலா' என்று நிரலில் அச்சிட்டிருந்தார்கள். பேருந்து எங்களை ஏற்றிக்கொண்டு மருதமலைக்குப் போயிற்று, அது நன்று. திரும்பும் வழியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்றது. ஒன்றே முக்கால் மணி நேரம் அங்கேதான். தொல்காப்பியத்தில் முனைவர் பட்டம் பெற்ற பதினெட்டுப் பேர் பூனம் சேலையின் விலையைப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டபோதுதான், மறுநாள் அரங்கை விட்டுத் தப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

தப்பியவர்கள் முதலில் போன இடம் டவுன்ஹால். 1892இல் எழுந்த அந்தக் கட்டடத்தைச் சுற்றிப் பிரியும் வீதிகளின் பெயர்ப்பலகைகளே ஒரு மொழியியல் வகுப்பு. சுக்கிரவார்பேட்டை, சுக்கிரவாரம் என்றால் வெள்ளிக்கிழமை. தெலுங்கு வீதி. ரங்கே கவுடர் வீதி. வெரைட்டி ஹால் சாலை, 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய திரையரங்கின் பெயரைத் தாங்குவது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது, மார்வாரி எல்லாம் ஒரே கடைத்தெருவில் பேரம் பேசும் நகரத்தில், 'தமிழில் பிறமொழித் தாக்கம்' என்ற தலைப்பில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கச் சிரிப்பு வந்தது. ராஜ வீதியில் விஜயா பதிப்பகத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கருத்தரங்குக்கு வந்த வேறு இருவர் அங்கே ஏற்கெனவே ஒளிந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக் குற்றவாளிகள்போல் சிரித்துக்கொண்டோம்.

அங்கிருந்து பேருந்து பிடித்துச் சிங்காநல்லூர். மூடிக்கிடந்த ஓர் ஆலையின் எதிரே, தேநீர்க்கடை பெஞ்சில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "எந்த ஊருங்க நீங்க?" என்று அவரே தொடங்கினார். முப்பத்தொரு வருடம் ஆலையில் இருந்தவராம். டாஃபர் பையனாகச் சேர்ந்து, நிறைந்த பாபின்களைக் கழற்றிக் கழற்றிப் பிறகு ரிங் ஃபிரேமில் சைடர் ஆனவர். ஆலைச் சங்குதான் அந்தப் பகுதிக்கே கடிகாரம் என்றார். எந்தச் சங்குக்கு உலை வைப்பது, எந்தச் சங்குக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்று பெண்கள் வைத்திருந்த கணக்கைச் சொன்னார். ஆலை நின்ற முதல் வாரம் சங்கு இல்லாமல் தூக்கமே பிடிக்கவில்லையாம். நூற்புத் துறைக்குக் கலைச்சொல் ஆக்கும் அறிஞர்கள் நம்மிடையே உண்டு, அகராதிகளும் உண்டு. அவர்கள் ஆக்கிய சொல்லை ஒருநாளும் கேட்டிராத இந்த மனிதரும் அவருடைய தோழர்களும், ஆங்கிலச் சொற்களை நாவில் உருட்டித் தமிழாக்கி, ஊரின் பாதிப்பேர் புழங்கிய ஒரு தொழில்மொழியை உண்டாக்கியிருந்தார்கள். அதை எழுதிவைத்தவர் எத்தனை பேர்?

இன்னும் கேட்க ஆசைப்பட்டோம். அவர் எழுந்துவிட்டார். "இப்ப ஆகாதுங்க. பொழுதோட வாங்க, வெவரமாச் சொல்றனுங்க." எங்களில் ஒருவர், பொழுது இருக்கும்போதே வரச்சொல்கிறார், ஒருமணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்றார். மற்றொருவர், நேரத்தோடு வரச்சொல்கிறார், நாளைக் காலை என்றார். கடைக்காரர்தான் திருத்தினார்: பொழுதோட என்றால் சாயங்காலம். மூவருக்கும் தமிழில் முனைவர் பட்டம் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஒறம்பரை என்றொரு சொல் கொங்கில் உண்டு. உறவினர், வீட்டுக்கு வந்த விருந்தாளி இரண்டையும் அது குறிக்கும். வந்தவர் எல்லாம் உறவு என்று எண்ணும் ஒரு சமூகத்தின் சொல். இதுபோன்ற சொற்களைத் தொகுத்துப் பெருமாள்முருகன் 2000இல் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். அரங்கத்தில் அமர்ந்து செய்துவிடக்கூடிய வேலையா அது? 1942இல் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை எழுதிய ஆர். சண்முகசுந்தரத்துக்கும் காது ஊருக்குள்தான் இருந்தது. அதே மனிதர் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்த ஊரை உற்றுக் கேட்டவருக்கு வங்கக் கிராமம் அயலாக இருக்கவில்லை போலும். 1971இல் 'வானம்பாடி' இங்கிருந்து பறந்தது. அந்த வட்டத்தில் ஒருவரான ஞானி, கண்பார்வை போன பிறகும், பிறர் வாசிக்கக் கேட்டு, சொல்லி எழுதவைத்து, சிற்றிதழ் நடத்தினார். 2020 ஜூலையில் மறையும்வரை இந்த நகரத்தில்தான் இருந்தார். அத்தனை கருத்தரங்குகளுக்கு வந்த அத்தனை பேரில் அவர் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர் என்று நாங்கள் நண்பர்களிடம் விசாரித்தோம். விசாரித்ததில், நாங்களும் தட்டவில்லை என்பது தெளிவாயிற்று.

எதிர்வாதங்கள் தெரியாதவை அல்ல. பல்கலைக்கழகம் பணம் கொடுத்து அனுப்புவது ஊர்சுற்ற அன்று என்பார்கள். சரி. நாற்பது பேர் ஆளுக்கு ஏழு நிமிடத்தில் கட்டுரையின் தலைப்பையும் முடிவுரையையும் வாசிக்க, அடுத்து வாசிக்கவிருப்பவர் மட்டும் அமர்ந்து கேட்கும் அமர்வுக்கு அந்தப் பணம் தகுமா? ஊரைப் பார்ப்பது பயணக்கட்டுரை எழுதுபவர் வேலை, ஆய்வாளருக்கு மூலநூல் போதும் என்பார் சிலர். அந்த மூலநூல் கைக்கு வந்ததே உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதால்தான். இன்றைக்கு ஏடு தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. ஏடாவது செல்லரிக்க நூறாண்டு ஆகும். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 பெருந்தொற்றில் நின்றன. அவற்றில் வேலை பார்த்தவர்களின் வயதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மாநாடு ஊரில் எதையுமே விட்டுப்போகவில்லை என்று சொல்லமாட்டோம். 2010இல் அறிவித்த செம்மொழிப் பூங்கா, பதினைந்து ஆண்டு கழித்து, 2025 நவம்பரில் காந்திபுரத்தில் திறக்கப்பட்டது. 45 ஏக்கர். இலக்கியம் சொல்லும் மரம் செடிகளையெல்லாம் நட்டிருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நிலம் கோவை மத்திய சிறையின் நிலம். வ.உ. சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை அடைபட்டுச் செக்கிழுத்த சிறை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பிற்காலத்தில் பதிப்பித்தவர் அவர். செம்மொழி என்று நாம் பெருமை பேசும் இலக்கணத்தை அச்சுக்குக் கொண்டுவந்த கைகள் இங்கே எண்ணெய் ஆட்டின. சின்னியம்பாளையத்து நால்வரும் கடைசி இரவைக் கழித்தது இந்தச் சிறையில்தான். அடுத்த கருத்தரங்குக்கு வருகிறவர்களை ஜவுளிக்கடைக்கு ஏற்றிப்போகும் பேருந்து, தயவுசெய்து இங்கே ஒரு மணி நேரம் நிற்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் 1974இல் நான்காம் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. கடைசி நாளான ஜனவரி 10 அன்று வீரசிங்கம் மண்டபம் கொள்ளாமல் மக்கள் வெளியே திரண்டார்கள், காவல்துறை புகுந்தது, உயிர்கள் போயின. அதன் நினைவுத்தூண்களுக்கு முன் இன்றும் ஆண்டுதோறும் விளக்கேற்றுகிறார்கள். அப்படியொரு துயரம் எந்த ஊருக்கும் வேண்டாம். அந்த மாநாடு ஊருடையதாக இருந்தது என்பதற்காக மட்டும் இதை நினைவூட்டுகிறோம்.

நாங்கள் கேட்பது பெரிதன்று. மூன்று நாள் கருத்தரங்கில் ஒரு முழுப் பிற்பகலை நிரலில் வெறுமையாக விடுங்கள். வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவரை, அவர் பேராசிரியராக இல்லாதவரை, ஏற்பாடு செய்யுங்கள். மாலையில் காளான் வண்டியருகே நின்றபடி அவரவர் கேட்டு வந்த ஐந்து சொற்களைச் சொல்லட்டும்; அதையும் ஆய்வுக்கோவையில் அச்சிடுங்கள். வருகைப்பதிவை மட்டும் அன்று எடுக்காதீர்கள்.

வருகைப்பதிவைப் பற்றி எங்களுக்கு நன்றாகவே தெரியும். அன்று மாலை ஐந்து மணிக்கு நிறைவுவிழா. சான்றிதழை நேரில் வாங்காதவர்களுக்குப் பணிவிடுப்பு செல்லாது என்று ஒலிபெருக்கியில் இருமுறை சொல்லியிருந்தார்கள். சிங்காநல்லூர்ப் பெரியவர் பொழுதோட எங்களுக்காக அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாரா என்று தெரியாது. நாங்கள் அப்போது மேடைக்கு இடப்புறம், பெயர் அகரவரிசையில், வரிசையில் நின்றிருந்தோம்.