ரத்தம் வேண்டாம், சேறு போதும்!



போன மாதக் கண்காட்சியில் என் பொம்மைச் சிப்பாயைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "சண்டைக்குப் போனவர்னு சொல்ற, ஒரு சொட்டு ரத்தம்கூட காணோமே? நாத்து நட்டுட்டு வர்றவர் மாதிரி இருக்காருடா!" பக்கத்து மேசையில் தலை முதல் கால் வரை சிவப்பு பெயின்ட் பூசிய சிப்பாய்க்குத்தான் கூட்டம். பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள் (கொஞ்சம் உண்டு!). ஆனாலும் அடிபட்ட மாதிரி காட்டுவது வேறு, போரிலேயே கிடந்து நைந்துபோன மாதிரி காட்டுவது வேறு.

என் சிப்பாய் முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் பாசெண்டேல் சண்டையில் நின்ற பிரிட்டிஷ்காரர். 1917 ஜூலை 31 முதல் நவம்பர் 10 வரை நடந்தது. குண்டு விழுந்து விழுந்து வாய்க்கால்கள் எல்லாம் உடைந்துபோயின. மழையும் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிய வழியில்லை. மனிதர்களும் குதிரைகளும் சேற்றில் மூழ்கியே செத்தார்கள். அங்கே நின்றவருக்குச் சிவப்பு பெயின்ட் எதற்கு? முழங்கால் வரை அப்பிய சேறுதான் வேண்டும். அதுவும் நம் கிரவுண்டு செம்மண் நிறம் கிடையாது, சாம்பலும் பழுப்பும் கலந்த களிமண் நிறம்.

"துப்பாக்கிக்குத் துரு அடிடா, சூப்பரா இருக்கும்" என்றான் என் நண்பன். தப்பு! உடம்பெல்லாம் சேறானாலும் துப்பாக்கியைத் துடைத்து, குண்டு போடும் இடத்தில் துணி சுற்றி வைப்பார்கள். அது மக்கர் செய்தால் உயிர் போய்விடும். என் சிப்பாயிடம் சுத்தமாக இருக்கும் ஒரே பொருள் அதுதான். யாராவது கவனித்தீர்களா?

ஹெல்மெட் முழுக்க வெள்ளிக் கீறல் போடுவதும் அப்படித்தான். எதிரி கண்ணில் பளபளக்கக் கூடாதென்றுதான் அதற்குச் சொரசொரப்பான பெயின்ட் அடித்தார்கள், சாக்குத்துணியும் போட்டு மூடினார்கள். இன்னொன்று, என் பொம்மை 1:35 அளவு. ஆறடி ஆள் ஐந்து சென்டிமீட்டர்தான். அதில் 3 மில்லிமீட்டர் கீறல் போட்டால் நிஜத்தில் பத்து சென்டிமீட்டருக்கு மேல்! கோடாலி வெட்டு மாதிரி ஆகிவிடும். ஸ்பாஞ்சை பெயின்டில் லேசாகத் தொட்டு, பேப்பரில் ஒற்றிவிட்டு, விளிம்பில் மட்டும் வையுங்கள்.

முகத்தை மூன்று தடவை அழித்து வரைந்தேன். கண்ணுக்குக் கீழே பழுப்பில் ஒரு மெல்லிய கோடு. பல நாள் தூங்காதவர் இல்லையா?

இப்போது லைப்ரரி ஜன்னலோரம் நிற்கிறார். போய்ப் பாருங்கள். தயவுசெய்து தொடாதீர்கள், சேறு இன்னும் உதிர்கிறது.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்