வக்கீல் தயவல்ல, உரிமை!

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏற்றிவைக்க வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் வேண்டும். இயந்திரத்தில் விரலிழந்த அஸ்தினாபுரம் தொழிலாளி, முதலாளி நீட்டும் வெள்ளைத்தாளில் கையெழுத்திடுவது இதனால்தான்.

தோழர்களே, கையெழுத்திடாதீர்கள்! 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் கேளுங்கள். ஆலைத் தொழிலாளி, ஊனமுற்றோர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு.

விவசாயத் தொழிலாளிக்கு? பட்டியலில் அந்தப் பெயரே இல்லை! கதிரடிக்கும் இயந்திரம் கையைத் தின்றாலும், பெண்ணோ தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியோ அல்லாதவர் ஊனச் சான்றோ வருமானச் சான்றோ காட்டியாக வேண்டும். ஆலையில் சிந்தினாலும் வயலில் சிந்தினாலும் ரத்தம் ஒன்றுதானே? அவரையும் பட்டியலில் சேர்க்கக் கோருகிறோம்.

உள்ள உரிமையை இன்றே பயன்படுத்துவோம். செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்தோடு போங்கள்!