கப்பலில் காரும் ஏற வேண்டும்

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் என்றதும் எங்கள் வயதுக்காரர்களுக்கு ஒரே குதூகலம். 2023 அக்டோபர் 14ல் செரியபாணி கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் பருவமழை என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16ல் சிவகங்கை கப்பல் வந்தது. நல்லதுதான். ஆனால் முதியவர்களுக்கு வேண்டியது வேறு: இரவில் புறப்பட்டு, நம் காரையும் ஏற்றிக்கொண்டு போகும் கப்பல்.

சிவகங்கையில் 150 பேர் உட்கார்ந்து போகலாம், காலையில் புறப்பாடு. புதுச்சேரிக்காரர் முதல் நாளே நாகையில் அறை எடுத்துத் தங்க வேண்டும். நாலு மணி நேரத்தில் அக்கரை. அப்புறம்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் தேட வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட முருகன் தலம் இலங்கையின் தென்கோடியில் இருக்கிறது. "கதிர்காமத்தில் குடியிருந்துகொண்டு அந்தக் கதிர்காமத்தைப் பார்க்காமலே கண்ணை மூடுவதா?" என்பது என் வீட்டம்மாவின் கேள்வி. காங்கேசன்துறையோ வடகோடி. முழங்கால் தேய்ந்தவர்கள் பஸ் மாறி மாறித் தீவின் நீளம் முழுக்கப் போவது ஆகிற காரியமா?

பள்ளியில் எங்களுக்குக் கப்பலுக்கு இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் சொல்லித் தந்தார்கள். ஆள் ஏறும் பெரிய கப்பல் 'பக்கபோ'. வண்டியோடு அக்கரை சேர்ப்பது 'பாக்'. இரண்டும் சேர்ந்ததுதான் ஐரோப்பாவில் ஓடும் கார் கப்பல். கப்பலின் கதவு பாலம்போல் இறங்கும். காரை உள்ளே ஓட்டி, பிரேக் போட்டுப் பூட்டிவிட்டு மேலே போய்ப் படுத்துவிடலாம். விடிந்ததும் அதே காரில் வேறு நாட்டில் இறங்கலாம். மார்சேயிலிருந்து அல்ஜியர்சுக்கு இப்படித்தான் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்.

அப்படி ஒரு கப்பல் நம்மிடமும் வந்தது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய ஸ்கோட்டியா பிரின்ஸ், ஆயிரம் பேர் கொள்ளும் கப்பல். மாலையில் ஏறினால் காலையில் கொழும்பு. அதற்கு முன் அமெரிக்காவின் போர்ட்லேண்டுக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் இடையே இருபது வருஷத்துக்கு மேல் கார்களைச் சுமந்து ஓடியது அது. இங்கே பயணிகளை நம்பியே ஓடியது. ஆள் சேரவில்லை, நவம்பரிலேயே நின்றது.

ஆள் டிக்கெட்டை மட்டும் நம்பிப் பெரிய கப்பலை ஓட்ட முடியாது. ஆங்கிலக் கால்வாய்க் கப்பல்களைத் தாங்குவதில் லாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆள் குறைந்த நாளிலும் லாரி வாடகை வரும். பெரிய கப்பல் என்றால் ஐப்பசி கார்த்திகைக் காற்றையும் ஓரளவு சமாளிக்கும்.

1914ல் தொடங்கிய போட் மெயில் ஐம்பது வருஷம் நிலைத்ததற்கும் காரணம் உண்டு. எழும்பூரில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் கப்பல். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் காத்திருக்கும். பயணம் நடுவில் அறுந்துபோகவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் எண்பதுகளில் நின்றது. அந்த ரயில் செய்த வேலையை இன்று சொந்தக் கார் செய்யும்.

கஸ்டம்ஸ் விடுமா என்பீர்கள். அதற்குக் 'கார்னே' என்ற தாள் இருக்கிறது. பிரெஞ்சில் சிறு நோட்டுப் புத்தகம் என்று பொருள். வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கு ஆட்டோமொபைல் சங்கம் தரும் உத்தரவாதம் அது. உலகம் சுற்றுகிறவர்கள் பல வருஷமாக வைத்திருக்கிறார்கள். சாலையில் இடதுபக்கம் போவதும் இரண்டு நாட்டுக்கும் பொதுதான்.

ஆயுசெல்லாம் கோப்புகளோடு இருந்தவன் சொல்கிறேன்: புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். தூத்துக்குடி–கொழும்பு வழியை மறுபடி திறக்கட்டும்; ஒப்பந்தத்தில் 'பயணிகள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'வாகனங்கள்' என்று சேர்க்கட்டும். எங்களுக்குக் காத்திருக்க அதிக வருஷம் இல்லை.